தலை குனிந்த படத்துக்குக் கண் வரைந்தது

போட்டோகிராபர்கள் சங்கத்தில் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில்தான் விழா. சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தபோது, ஸ்டூடியோ நடத்தும் இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து தன் போனைக் காட்டினார். குரூப் போட்டோவில் ஒருத்தர் கண்ணை மூடியிருந்தார். இவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார், கண் திறந்துகொண்டது. "ஐயா, நீங்க இதுக்கு நாள் முழுக்க உக்காருவீங்களாமே" என்றார். சிரித்து வைத்தேன். அப்புறம் அவரே, "உங்க ஆயில் பெயிண்டிங் எல்லாம் பாத்திருக்கேன். கண்ணு அப்படியே உயிரோட இருக்கும். கண்ணு வரைய எங்க ஐயா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் மைக்கோடு நின்ற செயலாளர் அதை மேடைக் கேள்வியாகவே ஆக்கிவிட்டார். "எல்லாம் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அது பொய். உண்மையான பதிலை இங்கே எழுதுகிறேன். கேட்டவர் படித்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

நான் ஓவியன் இல்லை. சம்பளம் வாங்கியதெல்லாம் போட்டோ பினிஷிங் வேலைக்கு. படம் வரைந்தது லீவு நாட்களில், வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க. அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில்லில் அடையாளம் போட்டது போக மிஞ்சிய கலர் சாக்பீஸ் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அதை வைத்துச் சிமெண்டுத் தரையில் வரைவேன், அம்மா திட்டிக்கொண்டே கழுவி விடுவாள். பள்ளிக்கூடத்தில் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கப் பழகினேன். அரசாங்க டிராயிங் பரீட்சையில் லோயர் பாஸ், ஹையரும் பாஸ். அந்தச் சர்டிபிகேட்டோடு எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். கார்டு வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "வரையத்தானலே ஆசை? போட்டோவுல போயி வரை" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லையா அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டுவிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

அண்ணாச்சி குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையில் படம் கழுவுகிற மருந்து ஒரு சொட்டுப் பட்டிருக்காது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முடித்த படத்தை நேராகப் பார்க்கவே மாட்டார். வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் பார்ப்பார். "நேராப் பாத்தா மூஞ்சி நம்மள ஏமாத்திரும்லே. தலைகீழாப் பாத்தாத்தான் வேலை தெரியும்" என்பார். அது நிஜமும்கூட. ஆனால் மனுஷ முகத்தை இப்படித் தலைகீழாகவே பார்த்துப் பழகினவர், நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்றுதான் பிற்பாடு எனக்குத் தோன்றியது.

முதலில் நெகட்டிவில் பென்சில் வேலை. சாய்வான மேஜையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிக்கிற மாதிரி லேசாக வார்னிஷ் தடவ வேண்டும். பென்சில் முனையை நீளமாக வெளியே விட்டு, உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசியாக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாமே மாறித்தான் இருக்கும். அங்கே கறுப்பைக் கூட்டினால் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்கு அடியில் கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் பென்சிலில் காணாமல் போகும். அதற்குப் பிறகு பிரிண்டில் பிரஷ் வேலை, பிளேடு முனையால் சுரண்டி வெள்ளை எடுக்கிற வேலை. அதற்கும் பிறகு கலர். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் போட்டோ ஆயில் கலரைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் தேய்த்துச் சேலைக்கு அரக்கு, உதட்டுக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள். இதையெல்லாம் கற்றபோது ஓவியனாகிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கற்றது இருப்பதை மறைக்கிற வேலை.

இதில் பெரிய வேலை செத்தவர்களுக்குக் கண் திறப்பது. அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். மூச்சு நின்ற பிறகு நாற்காலியில் சாய்த்து வைத்து, மாலை போட்டு, ஸ்டூடியோவுக்கு ஆள் விடுவார்கள். எடுத்து வந்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைத் திறந்து கொடுக்க வேண்டும். இதற்காகவே அண்ணாச்சியிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. வீணாய்ப்போன பாஸ்போர்ட் படங்களில் இருந்து கண்களை மட்டும் பட்டைபட்டையாக வெட்டி, ஆணுக்கு, பெண்ணுக்கு, வயசாளிக்கு என்று பிரித்துப் போட்டு வைத்திருப்பார். பொருத்தமானதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைய வேண்டியதுதான். ஊரில் மாலையோடு தொங்கிய பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெருவில் பால்கோவா விற்ற ஒருத்தரின் கண்ணால்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. கடைசியில் கண்மணியில் வைக்கிற வெள்ளைப் புள்ளியை மட்டும் அண்ணாச்சிதான் வைப்பார். வைப்பதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார்.

இனிமேல்தான் விஷயம்.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம். பெண் கூமாப்பட்டி. பேர் முத்துமாரி. அண்ணாச்சி கேமரா, நான் லைட். அப்போதெல்லாம் கல்யாணப் பெண்ணைத் தலை குனிய வைத்துத்தான் படம் எடுப்போம். பெண் கேமராவைப் பார்த்தால் அடக்கமில்லாதவள் என்று மாப்பிள்ளை வீட்டில் ஆல்பத்தையே திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பெண் குரூப் போட்டோவின்போது ஒரு தரம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அண்ணாச்சி பட்டனில் வைத்த விரலை எடுத்துவிட்டார். "தலையைக் குனிம்மா. கீழ பாரு" என்றார். பக்கத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் அவள் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்தாள். அதற்குப் பிறகுதான் அமுக்கினார். அவள் நிமிர்ந்தபோது நானும் அவளுக்கு நேராகத்தான் நின்றேன். ஆனால் லைட் பிடிக்கிறவன் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்றுதான் பார்ப்பான். அவள் மூக்கின் நிழல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருஷம் அவள் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். எண்பதுகளில் எந்த ஊரிலும் மருமகள்கள் பக்கத்தில்தான் ஸ்டவ் வெடித்தது, மாமியார்கள் பக்கத்தில் வெடித்ததாக நான் கேள்விப்படவில்லை. நாற்காலியில் வைத்துப் படம் எடுக்கிற நிலையில் உடம்பு இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும், கல்யாணப் போட்டோவில் இருந்து முகத்தை மட்டும் எடுத்துக் கண்ணைத் திறந்து கொடுங்கள், ரெண்டு பிரிண்டாகப் போடுங்கள், ஒன்று அவள் பிறந்த வீட்டுக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். குரூப் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாத்தனாரின் முகத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, இவ கண்ணை எடுத்துக்கோ. ஒரே வயசு. ஒரே லைட்டு, ஒரே லென்ஸு, பக்கத்துல பக்கத்துல நிக்காக. நிழல் மொதக்கொண்டு ஒத்துப்போகும். டப்பாவுல தேடுனா இப்படிக் கெடைக்காது."

"அண்ணாச்சி, அது அவ நாத்தனால்லா?"

"கண்ணுல பேரா எழுதியிருக்கு? வேலையப் பாருலே."

தொழில் கணக்கில் அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. வரைந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது, அவ்வளவு சரியாக உட்கார்ந்தது. அண்ணாச்சி கை கழுவி வந்து வெள்ளைப் புள்ளியை வைத்தார். மாப்பிள்ளை வீட்டில் கூடத்தில் மாட்டினார்கள். நாத்தனார் பார்த்துவிட்டு, அச்சு அசலாக அப்படியே இருக்கிறாள் என்று அழுததாகக் கேள்விப்பட்டேன்.

இன்னொரு பிரிண்டை வாங்கிப்போக முத்துமாரியின் அம்மா வேலம்மாள் வந்தார். மகள் செத்த விசாரணைக்காக அடிக்கடி ஸ்ரீவில்லிபுத்தூர் வரவேண்டியிருந்தது அவருக்கு. காட்டு வேலை செய்கிற கை. படத்தைச் சுற்றியிருந்த தாளைக் கவுண்டரிலேயே பிரித்துப் பார்த்தார்.

"இது யாரு தம்பி?"

"உங்க மகதாம்மா."

"மூஞ்சி எம் பிள்ளையோடதுதான். கண்ணு அவ நாத்தனா கண்ணுல்லா."

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். படத்தை வாங்கி வழக்கம்போலத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கும்மா. ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார்.

"எம் பிள்ளை வெந்துக்கிட்டு கெடந்தப்போ வாசல்ல நின்னு பாத்த கண்ணுய்யா இது. அத எம் பிள்ளைக்கே வச்சிருக்கீகளே. நான் இதுக்கு எப்படி வெளக்கேத்துவேன்?"

சத்தம் போடவில்லை அந்த அம்மா. அண்ணாச்சி படத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவரிடம் பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸா என்று கேட்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு அவர் செத்த பிறகும் போகவில்லை. நான் அந்தப் பிரிண்டை எடுத்துப் பிளேடால் இரண்டு கண்ணையும் சுரண்டினேன். "நான் வரைஞ்சு தாரேம்மா. உங்க மக கண்ணையே வரைஞ்சு தாரேன்" என்றேன். வயசுக் கோளாறு. கடை நேரத்தில் இதெல்லாம் கூடாது என்று மட்டும் அண்ணாச்சி சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து பென்சிலில் தொடங்கினேன். வேலம்மாள் அடுத்த தடவை விசாரணைக்கு வந்தபோது கேட்டேன்.

"அவ கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

"கண்ணு எப்படி இருக்கும்? கண்ணு மாதிரித்தான் இருக்கும்."

"பெரிய கண்ணா, சின்னக் கண்ணா?"

"பசிச்சு வந்தான்னா பெருசா இருக்கும். தூங்கி முழிச்சா செத்த நேரம் சின்னதா இருக்கும்."

"உங்க கண்ணு மாதிரியா?"

"அவ அய்யா சாடைன்னு சொல்வாக. அவரும் போயிட்டாரே."

நான் போட்டு வைத்திருந்த பென்சில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல கோவமா இருக்கா. எம் பிள்ளைக்குக் கோவம் வராது தம்பி. வந்திருந்தா உசுரோட இருந்திருப்பா."

பென்சிலில் மேல் இமைக் கோட்டை நான் அழுத்திப் போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணைச் சுற்றிக் கோடே கிடையாது, நிழல்தான் உண்டு. எந்த டிராயிங் மாஸ்டரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

அடுத்து வாட்டர் கலர். வாட்டர் கலரில் வெள்ளைக்கு வெள்ளை பூசக் கூடாது, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். விட்டேன். கண் வெள்ளை பல்லைப்போலத் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை, இமை நிழலில் அது லேசான நீலச் சாம்பல் என்று தாள் தாளாக வீணாக்கிக் கண்டுபிடித்தேன். ஈரத்தின் மேல் ஈரம் போட்டுக் கீழ் இமையைக் கொண்டுவந்தேன். பார்த்ததும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அழுதுக்கிட்டு இருக்காளே தம்பி. அங்க இருந்தப்போ அழுதது போதாதா? இது வேண்டாம்."

இதற்கு நடுவில் அந்த வீட்டில் மறு கல்யாணம் நடந்தது. அதற்கும் நாங்கள்தான் போனோம். கூடத்தில் முத்துமாரியின் படம் மாலையோடு தொங்கியது. நாத்தனார் அதற்குக் கீழேயே நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேலேயும் கீழேயும் அதே கண்கள். அண்ணாச்சி புதுப் பெண்ணிடம், "தலையைக் குனிம்மா" என்றார். நான் லைட்டைப் பிடித்தபடியே, "நிமிந்து பாரும்மா, படம் நல்லா வரும்" என்றேன். அந்தப் பெண் பயந்துபோய் இன்னும் குனிந்துகொண்டது. நாத்தனார் சிரித்தாள். "லைட்டு புடிக்கிறவுக அதப் புடிச்சாப் போதும்" என்றாள். அண்ணாச்சி பட்டனை அமுக்கினார்.

அதற்குப் பிறகு போட்டோ ஆயில் கலரில் ஒரு தடவை. பஞ்சால் தேய்த்த கலரில் கண் திருவிழாக் கடைப் பொம்மையின் கண் மாதிரி வந்தது. அதைக் காட்டாமலே இருந்திருக்கலாம். "இதையும் பாக்கேன், குடுங்க" என்று வேலம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போஸ்டர் கலர் தட்டையாகப் போய்விட்டது. கரியில் வரைந்ததில் கண் குழி விழுந்த மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து உட்காருவார், பார்ப்பார், "இது இல்ல தம்பி" என்பார். நான் மறுபடியும் வரைந்து வைக்கிறேன் என்பேன். அவர் போன பிறகு, எது எங்கே தப்பு என்று எனக்குள் பாடம் ஓடும். எனக்கு அந்த நாட்களில் சந்தோஷம்கூட இருந்தது.

கடைசியில் ஆயில் பெயிண்டிங்குக்கு வந்தேன். கலர் டியூபும் ஆளிவிதை எண்ணெயும் மதுரையில் வாங்கினேன். கான்வாசுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் பேண்டேஜ் துணிக்கா பஞ்சம்? சத்திரப்பட்டியில் தறி போட்டிருந்த சொந்தக்காரர் ஒருவரிடம் ஒரு துண்டு வாங்கிச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன். காயத்துக்குக் கட்டுகிற துணி அது. பூசிய கலரெல்லாம் ஓட்டை வழியாக ஒழுகிப் பின்பக்கம் சொட்டியது. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் பேண்டேஜ் துணியில் ஆயில் பெயிண்டிங் போட்டிருக்க மாட்டான். அப்புறம் கெட்டிக் காடாத்துணி வாங்கி, வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தடவி, அதன்மேல் வெள்ளை பூசிக் காயவைத்தேன்.

ஆயில் கலர் சீக்கிரம் காயாது. பூசியதை மறுநாளும் துடைக்கலாம், நகர்த்தலாம், பக்கத்துக் கலரோடு இழைக்கலாம். இமை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு இல்லாமல் கரைக்கலாம். இதுவரை தப்பாகப் போனதெல்லாம் கையில் இருந்தது. கோபம் எப்படி வரும், அழுகை எப்படி வரும், பொம்மை எப்படி வரும் என்று எல்லாம் தெரியும். அதையெல்லாம் விலக்கிவிட்டு வரைந்தேன். வெள்ளைப் புள்ளியை நானே வைத்தேன். சட்டம் நிறைய அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் கையால் அப்படி ஒரு கண் வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

வேலம்மாள் வந்தார். தொண்ணூறுகள் பிறந்திருந்தன. கொஞ்சம் இளைத்திருந்தார். ஸ்டூடியோவில் டார்க்ரூம் சுவரை ஒட்டி வைத்திருந்த கான்வாசை எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். அவர் எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கு தம்பி" என்றார்.

"உங்க மகதானம்மா?"

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியல."

"இது இல்லையாம்மா?"

"அதான் தெரியலங்கேன். மொதல்லாம் நீங்க காட்டும்போது இது இல்லன்னு பட்டுன்னு தெரியும். அவ கண்ணு எனக்குள்ள இருந்துச்சு, ஒத்துப் பாப்பேன். இப்ப கண்ண மூடுனா நீங்க வரைஞ்சதெல்லாம்தான் வரிசையா வருது. கோவமா இருக்குற கண்ணு வருது, அழுவுற கண்ணு வருது, பொம்மைக் கண்ணு வருது. எம் பிள்ளை வரமாட்டேங்கா தம்பி. எனக்கு மறந்து போச்சு."

படத்தைக் கொண்டுபோங்கள், காசெல்லாம் வேண்டாம் என்று சொன்னேன்.

"யாருன்னு தெரியாம வீட்டுல எப்படி மாட்டுறது? வச்சுக்கோங்க" என்றார். அவருடைய குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஊருக்குப் போகிற வத்திராயிருப்பு பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறி உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. விசாரணையும் முடிந்திருந்தது. ஸ்டவ்தான் வெடித்தது என்று எழுதி முடித்துவிட்டார்களாம்.

மறுநாள் அண்ணாச்சி அந்தக் கான்வாசைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "கண்ணு வந்துட்டுலே உனக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அத்தனை வருஷத்தில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. அதைக் காட்டியே ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியிடம் அவருடைய அப்பா படத்துக்கு ஆர்டர் பிடித்தார். நான் ஆயிலில் வரைந்தேன். படத் திறப்பு விழாவில் வந்தவர்களெல்லாம் கண் பேசுகிறது என்றார்கள். பெரியவரின் சம்சாரம், அந்த வீட்டு ஆச்சி, படத்தின் முன்னால் நின்று, "அவிய பாக்குற மாதிரியே இருக்கு" என்று கும்பிட்டார். அதற்குப் பிறகு ஆர்டர் குறையவே இல்லை. எங்கள் பக்கத்து மில் ஆபீஸ்களிலும் பங்களாக்களிலும் நான் வரைந்த கண்கள் இன்றைக்கும் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சால்வையும் அதற்குத்தான்.

தம்பி, கண்ணு வரைய எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்டீர்கள். கூமாப்பட்டியில் ஒரு அம்மாவிடம் அவருடைய மகளின் கண் மிச்சம் இருந்தது. அதை அழித்து அழித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.